ஊழியமும் ஊதியமும்: கலிஃபோர்னியாவின் கிறிஸ்தவ இசைத்தட்டு நிறுவனங்கள்

ஓரெழுத்து மட்டுமே வேறுபடும் இரு சொற்கள் தமிழில் உண்டு: ஊழியம், ஊதியம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைப்பணியைக் குறிக்க முன்னதை வழங்குகிறார்கள். அச்சொல்லுக்குள் கூலி கேளாத உழைப்பு என்னும் பழைய பொருளும் உறங்கிக் கிடக்கிறது. திருவிதாங்கூர் அரசில் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்புக்கும் ஊழியம் என்றே பெயர். பின்னதோ கூலியையும் ஆதாயத்தையும் குறிப்பது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநிலத்தில் இளைஞர் சிலர் இவ்விரு சொற்களையும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களில் பதிக்க முயன்றார்கள். பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு இசைத்தட்டு நிறுவனங்களை அவர்கள் தொடங்கினார்கள். அவற்றுட் சில சில ஆண்டுகளில் மறைந்தன, சில விலைபோயின, ஒன்று தன் இயல்பையே மாற்றிக்கொண்டு நிலைத்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்க்கலாம். சிற்றிதழ்களின் தோற்றத்தையும் மறைவையும் கண்டு பழகிய நமக்கு அதில் அந்நியமாகத் தோன்றக்கூடியது அதிகமில்லை.

‘தற்காலக் கிறிஸ்தவ இசை’ என்று அமெரிக்கர்கள் வழங்கும் வகைமையைப் பற்றி முதலில் ஒரு சொல். தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டுவரும் ஞானப்பாட்டுகள் வேறு. கறுப்பின மக்களின் துயரத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் பிறந்த நற்செய்தி இசை வேறு. 1960களின் இறுதியில் உருவான இப்புதிய வகைமை, பீட்டில்ஸ் குழுவையும் பாப் டிலனையும் கேட்டு வளர்ந்தவர்களின் இசைமொழியில் கிறிஸ்துவைப் பாடியது. மின்கிதாரும் முரசும் அதன் கருவிகள். அவை சாத்தானின் கருவிகள் என்று அன்றைய சபைகள் பல உறுதியாக நம்பின. ஆகவே இப்பாடகர்களுக்கு இருபுறமும் கதவடைப்பு. ராக் இசை நிறுவனங்களுக்கு இவர்களுடைய இயேசு அதிகப்படியாக இருந்தார். கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு இவர்களுடைய ராக் அதிகப்படியாக இருந்தது.

கிறிஸ்தவ நிறுவனங்கள் அப்போதே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றுள் பெரியது டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரில் இயங்கிய ‘வேர்ட்’. பேய்லர் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜேரல் மெக்ராக்கன் 1951இல் அதைத் தொடங்கினார். நன்மைக்கும் தீமைக்கும் இடையே நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டியை வானொலி வர்ணனை போலப் பேசிப் பதிந்த தட்டே அதன் முதல் வெளியீடு. அந்த எளிய தொடக்கத்திலிருந்து அது வளர்ந்து, 1974இல் ஏபிசி என்னும் ஒலிபரப்புப் பெருநிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓர் இசைத்தட்டு வெளிவருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, வாத்தியக்காரர்களுக்குக் கூலி, தட்டு அச்சிடும் ஆலைக்கும் அட்டை அச்சிடுவோருக்கும் பணம், அச்சான தட்டுகளை நாடெங்குமுள்ள கடைகளுக்குக் கொண்டுசேர்க்க விநியோகஸ்தர். இவ்வளவும் முதல் தட்டு விற்பதற்கு முன்பே ஆகும் செலவு. விற்காத தட்டுகள் கடையிலிருந்து திரும்பி வரும். பாடகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அது அவருடைய உரிமைத்தொகையில் கழிக்கப்படும். புத்தகப் பதிப்புத் துறையை அறிந்தோருக்கு இவையெல்லாம் பழகிய கணக்குகளே. கிறிஸ்தவ இசைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருந்தது: அதன் கடைகள் பெரும்பாலும் இசைத்தட்டுக் கடைகளல்ல, விவிலியமும் பக்தி நூல்களும் விற்கும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள். கடைக்காரருக்கு அட்டைப்படம் பிடிக்காவிட்டாலும் போதும், பாட்டு வாசகரைச் சென்றடையாது.

*

1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்களில் ஒரு பகுதியினர் போதைப் பொருள்களைக் கைவிட்டுக் கிறிஸ்துவிடம் திரும்பினார்கள். நீண்ட முடியையும் வெறுங்காலையும் மட்டும் கைவிடவில்லை. ‘இயேசு இயக்கம்’ என்று அழைக்கப்பட்ட இவ்வலை 1971 ஜூன் 21 அன்று ‘டைம்’ இதழின் அட்டைக்கே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டல்லஸ் நகரில் நடந்த ‘எக்ஸ்ப்ளோ 72’ கூடுகையில் ஏறத்தாழ 80,000 பேர் திரண்டார்கள். பில்லி கிரஹாம் பேசிய அந்தக் கூடுகையில் இப்புதிய பாடகர்களுக்கும் மேடை கிடைத்தது.

இவ்வலையின் கரையோரச் சபைகளுள் முக்கியமானது கோஸ்டா மேசா நகரின் கல்வாரி சேப்பல். சக் ஸ்மித் என்னும் போதகர் 1965இல் அதன் பொறுப்பை ஏற்றபோது அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் சுமார் 25 பேர். சில ஆண்டுகளில் கூட்டம் கொள்ளாமல் கூடாரம் போட வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்த இளைஞர்கள் கையில் கிதார்களும் வந்தன. அவர்களுடைய பாடல்களைப் பதிந்து பரப்புவதற்காக 1971இல் ‘மாரநாதா’ என்னும் நிறுவனம் சபையின் ஊழியங்களுள் ஒன்றாக, லாபநோக்கின்றித் தொடங்கப்பட்டது. மாரநாதா என்பது அரமேயச் சொல். ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பொருள்படுவது. லவ் சாங், சில்ட்ரன் ஆஃப் த டே முதலிய குழுக்களின் பாடல்கள் அதன் முதல் தொகுப்பில் இடம்பெற்றன. சனிக்கிழமை இரவுகளில் சபையிலேயே கச்சேரி. பாடியவர்களும் கேட்டவர்களும் ஒரே கூட்டம்.

மாரநாதாவின் பலம் வெளிப்படையானது. தட்டு விற்காவிட்டாலும் சபை இருக்கிறது. நட்டத்தைச் சபை தாங்கிக்கொள்ளும். ஆனால் நட்டத்தைத் தாங்குபவருக்கே எதைப் பாடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் சேர்ந்துவிடுகிறது. 1974இல் மாரநாதா, சபையார் கூடிப் பாடுவதற்கேற்ற எளிய துதிப்பாடல்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. தனிக்குழுவின் புகழுக்காக அன்றி, எல்லோரும் சேர்ந்து பாடுவதற்காகவே அமைந்த பாடல்கள் அவை. அந்த வழியே சபையின் நோக்கத்துக்கு நேரானது என்பது நாளடைவில் தெளிவாயிற்று. 1970களின் முடிவில் மாரநாதா தன் ராக் குழுக்களை விடுவித்துவிட்டு, ஆராதனைப் பாடல்களிலும் சிறுவர் பாடல்களிலும் கவனம் செலுத்தியது. அதன் சிறுவர் துதிப்பாடல் வரிசை 1980இல் தொடங்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இதைக் கலைக்கு நேர்ந்த துரோகம் என்று சொல்லிவிட முடியாது. சபையின் கண்ணோட்டத்தில் ஊழியம் என்பது பாடகருக்கு மேடை தருவதன்று. மக்களுக்குப் பாட்டு தருவது. எனினும் வெளியேற்றப்பட்டவர்களுள் நல்ல கலைஞர்கள் இருந்தார்கள். டெரி ஸ்காட் டெய்லரின் தலைமையில் இயங்கிய டேனியல் ஏமஸ் குழு அவர்களுள் ஒன்று. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் லேரி நார்மனின் வீட்டுவாசல்.

*

லேரி நார்மன் 1947இல் டெக்சஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். ‘பீப்பிள்’ என்னும் குழுவில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, 1968இல் அக்குழுவின் பாடல் ஒன்று பில்போர்ட் பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது. அதை வெளியிட்டது கேப்பிட்டல் நிறுவனம். அமெரிக்காவில் பீட்டில்ஸ் தட்டுகளை வெளியிட்ட அதே நிறுவனம். குழுவை விட்டு விலகிய நார்மன், 1969 டிசம்பரில் அதே கேப்பிட்டலின் வழியாகத் தம் தனித்தட்டைக் கொண்டுவந்தார். முதல் கிறிஸ்தவ ராக் இசைத்தட்டு என்று வரலாற்றாசிரியர் பலர் அதையே சுட்டுகின்றனர். அது போதுமான அளவு விற்கவில்லை. 1970இல் கேப்பிட்டல் அவரைக் கைவிட்டது.

அதன்பின் நார்மன் செய்ததே இக்கட்டுரைக்கு முக்கியமானது. பாடகர் பாட் பூன் தந்த பண உதவியுடன் ‘ஒன் வே’ என்னும் பெயரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கித் தம் பாடல்களைத் தாமே வெளியிட்டார். நண்பர் ராண்டி ஸ்டோன்ஹில்லின் முதல் தட்டும் 1971இல் அவ்வாறே வந்தது. மிகக் குறைந்த செலவில், செய்நேர்த்தி குறைந்தும் உயிர்த்துடிப்பு மிகுந்தும் வெளிவந்த தட்டுகள் அவை. தட்டச்சுப் பொறியில் அடித்துச் சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பப்பட்ட சிற்றிதழ்களை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

இடையே ஒருமுறை பெரிய நிறுவனத்தின் வாய்ப்பு அவருக்குத் திரும்பவும் கிடைத்தது. 1972இல் எம்ஜிஎம் குழுமத்தின் வழியே வெளிவந்த ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’, பீட்டில்ஸ் இசைத்தட்டுகளின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நிறுவிய லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. வியட்நாம் போர், விண்வெளிப் பயணத்துக்குக் கொட்டப்படும் பணம், தனிமை, சபைகளின் பாசாங்கு என எல்லாவற்றையும் அத்தொகுப்பு தொட்டது. அடுத்த ஆண்டு வந்த தொகுப்பின் அட்டைப்படத்தில் நார்மனின் வெற்றுடல் தெரிவதாகக் கருதிக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பல அதை விற்க மறுத்தன. பெரிய நிறுவனத்துக்கு அவர் லாபமில்லாத பாடகர். சிறிய கடைக்கோ ஒழுங்கில்லாத பக்தர்.

இந்த அனுபவங்களின் விளைவாக 1970களின் நடுவில் ‘சாலிட் ராக்’ நிறுவனம் உருவானது. ‘உறுதியான பாறை’ என்னும் பெயரில் விவிலியப் படிமமும் இசைவகையின் பெயரும் ஒருங்கே அடங்கின. வணிகத்தின் தேவைக்கேற்பத் தம்மை வெட்டிக்கொள்ள விரும்பாத கலைஞர்களுக்கு ஓர் இடம் என்பதே அதன் எண்ணம். 1976இல் நார்மனின் ‘இன் அனதர் லேண்ட்’, அவர் தயாரிப்பில் ஸ்டோன்ஹில்லின் ‘வெல்கம் டு பாரடைஸ்’ ஆகியன வெளிவந்தன. 1977இல் டாம் ஹோவர்டின் தொகுப்பும், 1979இல் மார்க் ஹேர்டின் ‘அப்பலேச்சியன் மெலடி’யும் வந்தன. எண்ணிக்கையில் சிறியது இவ்வரிசை. ஆயினும் அந்தப் பத்தாண்டின் கிறிஸ்தவ இசையில் திரும்பத் திரும்பக் கேட்கத் தகுந்தவற்றைத் தொகுக்க முனைவோர் இவ்வரிசையைத் தாண்டிச் செல்ல முடியாது. ஐயம், துயரம், நகைச்சுவை ஆகிய மூன்றையும் பக்திப்பாட்டுக்குள் அனுமதித்த வரிசை அது.

ஆனால் சாலிட் ராக் எந்த அளவுக்குச் சுதந்திரமானது? அதன் தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசென்றது வேர்ட் நிறுவனம். வேர்டின் உரிமையாளரோ ஏபிசி. பாடகர் தேர்வும் ஒலிப்பதிவும் நார்மனுடையவை; கடைக்குச் செல்லும் சாலை அவருடையதன்று. இன்னொரு சிக்கல் உள்ளேயே இருந்தது. நார்மன் நிறுவன உரிமையாளர். பல தட்டுகளுக்கு அவரே தயாரிப்பாளர். பாடகர்களின் நிகழ்ச்சிகளைக் கவனித்த முகவர் அமைப்பிலும் அவருக்குப் பங்கு. அவரே ஒரு பாடகர். தம் தட்டை முடிப்பதா, நண்பரின் தட்டை முடிப்பதா என்ற கேள்விக்கு ஒரே மனிதர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தின் அடக்குமுறையிலிருந்து தப்பி வந்தவர்கள், ஒரு நண்பரின் நேரத்தையும் மனநிலையையும் நம்பி வாழ வேண்டியவர்களானார்கள்.

டேனியல் ஏமஸ் குழுவின் கதை இதற்குச் சான்று. கிராமிய இசைச்சாயலில் தொடங்கிய அக்குழு, 1978ஐ ஒட்டிய காலத்தில் புதிய பாணியில் ‘ஹரெண்டஸ் டிஸ்க்’ என்னும் தொகுப்பைப் பதிந்து முடித்திருந்தது. மாரநாதா ராக் குழுக்களைக் கைவிட்டபோது அத்தொகுப்பு சாலிட் ராக்கின் கைக்கு வந்தது. நிறுவனருக்கும் குழுவினருக்கும் இடையே எழுந்த பிணக்குகளுக்கு நடுவே ஆண்டுகள் கழிந்தன. 1981இல் அது வெளிவந்தபோது, ஏறத்தாழ அதே சமயத்தில் அதே குழுவின் அடுத்த தட்டாகிய ‘அலார்மா’வும் வேறொரு நிறுவனத்தின் வழியே கடைக்கு வந்திருந்தது. தன் காலத்துக்கு முன்னதாகப் பதியப்பட்ட இசை, தன் காலம் கடந்து வெளியானது. ஒரு படைப்பாளிக்கு இதைவிட நுட்பமான தண்டனை இருக்க முடியாது.

1980இல் சாலிட் ராக்கின் முதல் வாழ்வு முடிந்தது. கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள், நட்புகள் முறிந்தன. நார்மன் ‘ஃபைடோ’ என்னும் மற்றொரு சிறு நிறுவனத்தின் வழியே தம் இசையைத் தாமே வெளியிட்டுக்கொண்டார். 2008 பிப்ரவரி 24 அன்று ஆரிகன் மாநிலத்தில் காலமானார். 2014 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காத்துவைக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்த்தது. அது சாலிட் ராக்கின் வெளியீடன்று, பெருநிறுவனத்தின் வழியே வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

*

நார்மனின் நிறுவனம் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் இடையிலான கேள்வியை மற்றொருவர் வேறு கோணத்திலிருந்து எழுப்பினார். அவர் கீத் கிரீன். 1953இல் பிறந்த அவர் 11 வயதிலேயே டெக்கா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட குழந்தைப் பாடகர். சந்தை என்பது என்ன, அது ஒரு பாடகரை எவ்வளவு விரைவில் மறக்கும் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தவர். மதமாற்றத்துக்குப்பின் அவருடைய முதல் இரு தொகுப்புகளும் 1977இலும் 1978இலும் ‘ஸ்பாரோ’ நிறுவனத்தின் வழியே வந்து மிகுதியாக விற்றன.

ஸ்பாரோ, 1976இல் பில்லி ரே ஹெர்ன் தொடங்கிய நிறுவனம். அதற்கு முன் வேர்டின் கிளையாக ‘மிர்’ என்னும் புதிய இசை வரிசையை 1972இல் தொடங்கி நடத்தியவர் அவரே. நார்மனைப் போலக் கலகக்காரர் அல்லர். தொழிலறிந்தவர், கலைஞர்களை மதிப்பவர். ஸ்பாரோ என்றால் சிட்டுக்குருவி. தமிழ் விவிலியத்தின் அடைக்கலான் குருவி. அற்பக் காசுக்கு விற்கப்படும் அந்தக் குருவியும் கடவுளின் கண்ணுக்குத் தப்புவதில்லை என்பது மத்தேயு நற்செய்தி தரும் ஆறுதல்.

விற்பனையின் உச்சியில் நிற்கையில் கிரீன் தம்மை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்குமாறு 1979இல் கேட்டார், ஹெர்ன் இசைந்தார். காசில்லாதவர் கேட்க முடியாத நற்செய்தி எப்படி நற்செய்தியாகும் என்பதே கிரீனை அலைக்கழித்த கேள்வி. கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார். கணவனும் மனைவியுமாக வீட்டை அடகுவைத்து அடுத்த தட்டுக்குப் பணம் திரட்டினார்கள். ‘பிரிட்டி குட் ரெக்கார்ட்ஸ்’ என்று தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டார்கள். ‘சுமாராக நன்று’ என்று சொல்லிக்கொள்ளும் குறும்பு அப்பெயரில் உண்டு. 1980இல் வெளிவந்த அத்தொகுப்பில் ஒரு பாடலுக்கு பாப் டிலன் ஹார்மோனிகா வாசித்தார். அத்தகைய விருந்தாளி வாய்த்த தட்டை எந்த வணிகரும் கொண்டாடி விலையேற்றியிருப்பார். கிரீன் அதற்கு விலையே வைக்கவில்லை. தபாலிலும் கச்சேரிகளிலும் மட்டும் கொடுத்தார். கேட்பவர் தம்மால் இயன்றதைத் தரலாம். ஒன்றும் தராமலும் பெறலாம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது: காணிக்கை. விலையை விற்பவர் தீர்மானிக்கிறார். காணிக்கையைக் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். கிரீன் செய்தது, தீர்மானிக்கும் அதிகாரத்தை வாங்குபவரிடம் ஒப்படைத்தது. 1982 மே மாதம் வரை 2,00,000க்கும் மேற்பட்ட பிரதிகள் அனுப்பப்பட்டிருந்தன; அவற்றுள் 61,000 இலவசம். அதாவது பத்தில் மூன்று பேருக்குத் தட்டு சும்மா போயிற்று. எஞ்சிய எழுவர் தந்ததில் எல்லாருக்குமான செலவும் ஈடுகட்டப்பட வேண்டியிருந்தது. பின்னர் கடைகளிலும் அவருடைய ஒலிநாடாக்கள் கிடைத்தபோது, ஒன்று வாங்குவோருக்கு நண்பருக்குக் கொடுப்பதற்கென மற்றொன்று இலவசமாகச் சேர்க்கப்பட்டது.

இந்தக் கணக்கை வியந்து மட்டும் கடந்துவிடக் கூடாது. கிரீனின் பெயர் நாடெங்கும் தெரிந்திருந்ததற்கு ஸ்பாரோவின் இரு தட்டுகளும், அவற்றை விற்ற புத்தகக் கடைகளும் காரணம். கடை கட்டியெழுப்பிய புகழின் மீது நின்றே அவர் கடையைத் துறந்தார். அறியப்படாத ஓர் இளைஞர் முதல் தட்டையே விலையின்றிக் கொடுக்க முயன்றிருந்தால், அடகுவைத்த வீடு திரும்பியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும், துறப்பதற்கு ஏதேனும் உள்ளவர்கள் எல்லோரும் துறந்துவிடுவதில்லை. சாலிட் ராக்கில் தாமதத்தின் சுமை பாடகர்கள் தோளில் விழுந்தது. மாரநாதாவில் நட்டத்துக்குச் சபை பொறுப்பு. இங்கோ நிறுவனரின் சொந்தக் கூரை பணயம்.

1982 ஜூலை 28 அன்று டெக்சஸில் அவர் வசித்த சமூகக் குடியிருப்பின் ஓடுபாதையிலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. அளவுக்கு மீறிய சுமையுடன் கிளம்பிய அவ்விமானத்தில் இருந்த 12 பேரும் இறந்தார்கள்; கிரீனும் அவருடைய இரு குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அவருக்கு வயது 28. அவர் மனைவி மெலடி கிரீன் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1987இலும் 1988இலும் கிரீனின் பாடல்கள் இரு பெருந்தொகுப்புகளாக மீண்டும் வெளிவந்தன. வெளியிட்டது ஸ்பாரோ.

*

அதற்குள் சந்தை மாறியிருந்தது. மிர் வரிசையில் வந்த ஏமி கிராண்டின் 1982ஆம் ஆண்டுத் தொகுப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கிறிஸ்தவ இசையில் பணம் உண்டு என்பதைப் பெருநிறுவனங்கள் கண்டுகொண்டன. 1988இல் ஆரிகனின் போர்ட்லண்ட் நகரிலிருந்து சபைகளுக்கான பாடல் உரிமம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. சபையின் அளவுக்கேற்ப ஆண்டுக்கட்டணம் செலுத்தினால், பாடல் வரிகளைச் சபையாருக்குப் படியெடுத்துத் தரலாம். கூடிப் பாடுவதற்கென மாரநாதா போன்றவை பரப்பிய எளிய துதிப்பாடல்கள், நட்சத்திரப் பாடகரே தேவைப்படாத அப்பாடல்கள், இவ்வாறு நிலையான ஊதியத்தைத் தரத் தொடங்கின. ராக்கைத் துறந்து ஊழியத்தைத் தேர்ந்த வழியும் சுற்றிவந்து ஊதியத்தில்தான் முடிந்தது.

1992இல் ஸ்பாரோவை இங்கிலாந்தின் ஈஎம்ஐ வாங்கியது. அடைக்கலான் குருவி மீண்டும் ஒருமுறை விற்கப்பட்டது. இம்முறை அற்பக் காசுக்கு அல்ல. 2012இல் ஈஎம்ஐயின் இசைப்பதிவுத் தொழில் யுனிவர்சல் குழுமத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதன் கிறிஸ்தவப் பிரிவுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள்: கேப்பிட்டல் கிறிஸ்தவ இசைக் குழுமம். 1970இல் லேரி நார்மனை விற்காத பாடகர் என்று கைவிட்ட நிறுவனத்தின் பெயரே, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் கிறிஸ்தவ இசைப் பெருந்தொழிலின் முகப்பில் பொறிக்கப்பட்டது.

சிறு நிறுவனங்களின் கதை இதோடு முடிந்துவிடவில்லை. 1993இல் பிராண்டன் இபெல் என்னும் இளைஞர் கலிஃபோர்னியாவில் தொடங்கி, விரைவிலேயே சியாட்டிலுக்குக் கொண்டுசென்ற ‘டூத் அண்ட் நெயில்’, பங்க் இசையையும் அதனினும் கடுமையான ஓசைகளையும் கிறிஸ்தவ இளைஞர்களிடம் கொண்டுவந்தது. தேவாலய அரங்குகளில் தொடங்கிய அண்டர்ஓத் குழுவின் தொகுப்பு 2006இல் பில்போர்ட் பொதுப்பட்டியலின் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அந்நிறுவனமும் 2000ஆம் ஆண்டில் ஈஎம்ஐக்குத் தன் பங்கை விற்றது. 2013இல் இபெல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விற்பதும் வளர்வதும் மீட்பதும் ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தது நார்மனுக்கு வாய்க்காத பேறு.

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கையில், பெரியது தீயது, சிறியது தூயது என்ற எளிய பாகுபாடு நிற்கவில்லை. பெருநிறுவனம் நார்மனுக்கு லண்டனின் சிறந்த கூடத்தைத் தந்தது. நண்பரின் சிறு நிறுவனம் டேனியல் ஏமஸின் தட்டைச் சில ஆண்டுகள் இருட்டில் வைத்தது. ஒரு நிறுவனம் சுதந்திரமானதா என்பதை அறிய அதன் உரிமைப்பத்திரத்தைக் காட்டிலும் அதன் நட்டக்கணக்கே உதவுகிறது. விற்காத தட்டின் செலவு யார் தலையில் விழுகிறது? சபையின் தலையில் விழுந்தால் சபையின் பாட்டு பிழைக்கும். வாங்கியவரின் தலையில் விழுந்தால் வாங்கியவரின் பாட்டு பிழைக்கும். காத்திருக்கும் பாடகரின் தலையில் விழுந்தால் நட்பு பிழைக்காது. நிறுவனரே தாங்கிக்கொண்டால் அவர் உயிரோடிருக்கும் வரை எல்லாப் பாட்டும் பிழைக்கும், அதற்குமேல் உறுதியில்லை. மனைவியின் நகையை வைத்துச் சிற்றிதழ் நடத்தியவர்களின் வழிவந்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பழைய கணக்குப் புத்தகத்தில் ஒரேயோர் எண்ணை எந்த உரிமை மாற்றமும் தொடவில்லை. தட்டு வேண்டும், பணம் இல்லை என்று எழுதியவர்களின் முகவரிக்கு இரண்டே ஆண்டுகளில் தபாலில் போய்ச் சேர்ந்த 61,000 பிரதிகள் அவை. அவற்றுக்கு விலைப்பட்டியல் இல்லாததால், விற்கவும் வாங்கவும் அவற்றில் ஒன்றுமில்லை.